விரிசலுக்குள் இருந்த சேறு

எங்கள் பக்கம் ‘மட்டை’ என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். தென்னை ஓலையின் அடித்தண்டு மட்டை. தேங்காயை உரித்தால் மிஞ்சுவதும் மட்டை. பையன்கள் கிரிக்கெட் ஆடும் பேட்டும் மட்டை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் தென்னையை வைத்துக் காலம் தள்ளுகிற எனக்கு முதல் இரண்டும் தோப்பிலேயே கிடைக்கும். மூன்றாவது, வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து, வீட்டுத் திண்ணைக்குத் தானாக வந்து சேரும். எல்லாம் விரிசல் விட்டவை.

நான் தச்சன் இல்லை. அப்பா விட்டுப்போன பெட்டி ஒன்று இருக்கிறது. உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, ஒரு கை ரம்பம் இவ்வளவுதான் அதில். மம்முட்டிக்குப் பிடி போட, கோடாலிக் காம்பு மாற்ற, அரிவாள் பிடிக்குப் பூண் இறுக்க அது போதும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கருவிகளைக் கொண்டுவருவதைப் பார்த்த பையன்கள், “மாமா, இதையும் ஒரு கை பாருங்க” என்று பேட்டைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இப்படி ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

விவசாயப் பத்திரிகையில் இதென்ன விளையாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். கிராமத்தில் ஒரு மட்டை ஒரு பையனுடையது அல்ல. பதினொரு பேர் காசு போட்டு வாங்குவது. ஓரளவு நல்ல மட்டை 1,500 ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை. அது கீறினால் ஆட்டம் நிற்கும். அடுத்து ‘யார் உடைத்தது’ என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வீடு வரைக்கும் வரும். 100 ரூபாய்க்குள் முடிகிற வேலைக்கு ஒரு வீட்டின் ஒரு வாரச் செலவுப் பணம் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மட்டை எந்த மரம்?

கடைகளில் ‘காஷ்மீர் வில்லோ’, ‘இங்கிலீஷ் வில்லோ’ என்று இரண்டு பேர் சொல்வார்கள். இரண்டும் வில்லோ மரம்தான். காஷ்மீரில் அனந்த்நாக் மாவட்டத்தில், ஜம்மு ஸ்ரீநகர் நெடுஞ்சாலை ஓரமாக, சங்கம், ஹல்முல்லா போன்ற ஊர்களில் வரிசையாக மட்டைப் பட்டறைகள் இருக்கின்றன. மீரட்டிலும் ஜலந்தரிலும் மட்டைத் தொழில் பெரிது. இங்கிலீஷ் வில்லோ எடை குறைவு, துள்ளல் அதிகம், விலையும் பல மடங்கு. காஷ்மீர் வில்லோ கொஞ்சம் கனம், நிறம் சற்றுப் பழுப்பு. நம் பையன்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இன்னும் மலிவான மட்டைகள் பாப்லர் மரத்தில் செய்தவை.

வில்லோ மெத்தென்ற மரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். ‘அப்படிப்பட்ட மரத்தையா பந்தடிக்க வைத்தார்கள்?’ என்று தோன்றும். அந்த மெத்துதான் அதன் பலம். பந்து படும்போது நார் அமுங்கி, உடையாமல் அடியை வாங்கிக்கொள்ளும். பட்டறையில் மட்டையின் முகத்தை உருளையில் கொடுத்து அழுத்தித்தான் அனுப்புகிறார்கள். கருவேலங்கட்டையில் மட்டை செய்தால் உடையாதுதான். ஆனால் தூக்கி வீசத் தோள் தாங்காது, கையும் அதிரும்.

கைப்பிடி மட்டும் பிரம்பு. பிரம்புத் துண்டுகளை ஒட்டி, நடுவில் ரப்பர் பட்டை வைத்து, மேலே நூல் சுற்றியிருப்பார்கள். அதை ஆப்பு வடிவில் சீவி மட்டையின் தலைக்குள் இறக்கி ஒட்டுவார்கள். நாம் மம்முட்டிக்குப் பிடி இறக்கும் அதே தத்துவம்தான்.

இங்கிலாந்தில் மட்டைக்கென்று நடும் வில்லோ வெட்டுக்கு வர 15 முதல் 20 வருஷம் ஆகும். நாம் நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆரம்பித்து, நடுவயதுக்கு வருகிற காலம் அது. காஷ்மீரிலும் வில்லோ நட்ட இடங்களில் சீக்கிரம் வளரும் பாப்லரை நடுகிற விவசாயிகள் கூடிவிட்டதால், மட்டைக்கு மரம் கிடைப்பது குறைகிறது என்று பட்டறைக்காரர்கள் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். இவ்வளவு காலம் வளர்ந்த மரத்தை ஒரு சின்ன விரிசலுக்காக அடுப்பில் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

முதலில் விரிசலைப் படியுங்கள்

மட்டை வந்ததும் பசையை எடுக்கக் கூடாது. பயிரில் மஞ்சள் பாய்ந்தால் உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் வேரைப் பறித்துப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல விரிசல் எங்கே ஆரம்பித்தது, எந்தப் பக்கம் ஓடியது, புதியதா பழையதா என்று பார்க்க வேண்டும்.

மட்டையின் கைப்பிடியை இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, முகத்தைக் கொட்டாப்புளியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று சுத்தமாகக் கேட்கும். உள்ளே பிளவு இருக்கும் இடத்தில் ‘சளக்’ என்று ஒரு நடுக்கம் சேர்ந்து வரும். முற்றிய தேங்காயைச் சுண்டிப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, கத்தியின் பின்முனையால் விரிசலை லேசாக விரித்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மரம் வெள்ளையாக, நார் சிலும்பிக்கொண்டு இருந்தால் அது புது விரிசல். கறுத்து, அழுக்கேறி, மண் ஒட்டியிருந்தால் பழசு. மேலே பெயின்டும் ஸ்டிக்கரும் மறைத்திருப்பதால் வாரக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும்.

இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்ததால் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வழக்கு தீர்ந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆளுக்கு 150 ரூபாய்

எங்கள் ஊர்ப் பையன்கள் பதினொரு பேர் ஆளுக்கு 150 ரூபாய் போட்டு 1,650 ரூபாய்க்கு ஒரு மட்டை வாங்கினார்கள். சிலருக்கு அது அப்பா கொடுத்த காசு. சிலருக்கு விழுந்த தேங்காய் பொறுக்கிக் கொடுத்துச் சேர்த்த காசு. மூன்று மாதத்தில் மட்டையின் அடியிலிருந்து மேலே நான்கு அங்குலத்துக்குப் பிளந்துகொண்டது. அந்த நேரம் ஆடிக்கொண்டிருந்தவன் அணியிலேயே சின்னவன், எட்டாவது படிக்கிறவன். “யார்க்கரைத் தரையோட சேத்து அடிச்சான், அவன்தான் உடைச்சான், அவன்தான் புது பேட் வாங்கித் தரணும்” என்று மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

உடைந்ததை என்னிடம் கொண்டுவந்தபோது பத்துப் பேர்தான் வந்தார்கள்.

“இன்னொருத்தன் எங்க சாமி?”

“அவன் இப்ப ஆட வர்றதில்லீங்க மாமா. ஞாயித்துக்கிழமை களத்துல மட்டை அள்ளப் போறானுங்க. காசு சேத்துத் தரானாமா.”

கிரிக்கெட் மட்டைக்காகத் தேங்காய் மட்டை. அவன் அம்மா கொப்பரைக் களத்துக்குத்தான் வேலைக்குப் போகிறது. அப்பா இல்லை. வாரத்தில் ஒரே ஒரு விளையாட்டு நாள் அந்தப் பையனுக்கு வேலை நாளாகிவிட்டது.

மட்டையைத் தட்டினேன். விரிசலை விரித்து டார்ச் அடித்தேன். மேல் இரண்டு அங்குலம் பால் மாதிரி வெள்ளை. கீழ் இரண்டு அங்குலம் கறுப்பு. அதற்குள் குளத்துக் களிமண் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது.

“நீங்க எங்க ஆடறீங்க?”

“குளத்துக்குள்ளதானுங்க. காலைல ஆறு மணிக்கு.”

“பனி ஈரம் இருக்குமா?”

“இருக்குமுங்க.”

பத்துப் பேரையும் வரிசையாக வந்து பார்க்கச் சொன்னேன். “இந்த வெள்ளை அன்னிக்குப் பொளந்தது. இந்தக் கறுப்பு அதுக்கு ரொம்ப நாள் முந்தி. வெளஞ்ச மரத்துக்குள்ள சேறு எப்படிப் போகும்? ஈரத் தரையில எல்லாரும் தட்டித் தட்டி நின்னதுல அடி ஊறி, காஞ்சு, கீறியிருக்குது. அவன் அடிச்சது கடைசி அடி, அவ்வளவுதான். உடைச்சது நீங்க பதினொரு பேரும், அப்புறம் பனியும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேப்டன் பையன்தான் முதலில் எழுந்தான். “நான் போய்க் கூட்டிட்டு வர்றேனுங்க” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனான்.

சின்னவன் வந்தான். தலையெல்லாம் மட்டைத் தூசி. மட்டையை வாங்கி விரிசலுக்குள் வெகு நேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: “இந்தச் சேறை எடுத்துருவீங்களா மாமா?”

“எடுத்தாத்தான் கண்ணு பசை பிடிக்கும்.”

“எங்கம்மா பாத்ததுக்கு அப்புறம் எடுக்கறீங்களா?”

மறுநாள் சாயங்காலம் களம் விட்டதும் அவன் அம்மா வந்தது. டார்ச் அடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அன்னிக்கே சொன்னானுங்ண்ணா, ‘பேட்டு சத்தம் முந்தியே மாறிருச்சும்மா’ன்னு. நாந்தான் நம்புலீங்க” என்றது. அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பையன் தலையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரிதான் நான் அந்தச் சேற்றைச் சுரண்டினேன்.

ஒட்டும் முறை

1. உலர்த்துதல்: ஈரம் பட்ட மட்டையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாள் படுக்க வையுங்கள். வெயில் கூடாது. வெயிலில் போட்டால் மேல்மரம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்மரம் ஈரமாகவே நிற்கும்; அந்த இழுபறியில் விரிசல் இன்னும் நீளும். பச்சைக் கட்டையை வெயிலில் போட்டால் பிளப்பது இதனால்தான்.

2. சுத்தம்: உள்ளே இருக்கும் மண்ணை மெல்லிய கத்தியாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உப்புத்தாளை ஒற்றையாக மடித்து உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய் மேல் பசை ஒட்டாது. அதனால் பசை முதலில், எண்ணெய் கடைசியில்.

3. பசை: மர வேலைக்கு விற்கும் வெள்ளைப் பசை போதும். தண்ணீர் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்கினால் நல்லது. மருந்துக்கடையில் ஒரு புது சிரிஞ்சு வாங்கி, ஊசி இல்லாமல் அதில் பசையை உறிஞ்சி விரிசலின் கடைசி முனை வரை செலுத்துங்கள். பிறகு விரிசலை மெதுவாகத் திறந்து மூடித் திறந்து மூடிச் செய்தால் பசை இரண்டு பக்கமும் பரவும். மயிரிழை விரிசலாக இருந்தால் பசையில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

சட்டென்று ஒட்டும் சின்ன டியூப் பசையை நிறையப் பேர் ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். அது கண்ணாடி மாதிரி இறுகும். மட்டை ஒவ்வொரு அடிக்கும் அதிரும் பொருள். இறுகிய பசை அந்த அதிர்வில் விண்டுபோகும். மேலே சிலும்பிய ஒரு நாரை ஒட்ட மட்டும் அது போதும்.

4. இறுக்குதல்: கிளாம்ப் இருந்தால் இரண்டு பக்கமும் பலகைத் துண்டு கொடுத்து இறுக்கலாம். இல்லாதவர்களுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை விட நல்ல கருவி கிடையாது. அதை ஒரு அங்குல அகலத்தில் நீளப் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். விரிசல் முழுக்க ஒரே சீராக அழுத்தம் விழும். மாமரத்தில் ஒட்டுக் கட்டியவர்களுக்குக் கை தானாக வரும். வெளியே வழியும் பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க நிழலில் விடுங்கள். அவிழ்த்துப் பார்க்கும் ஆசை வரும். பையன்களிடமிருந்து மட்டையைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

5. தேய்த்தல்: முதலில் 120 எண் உப்புத்தாள், பிறகு 220. எப்போதும் நார் ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும்.

நூல் கட்டு

பசை உள்ளே பிடிக்கிறது. நூல் வெளியே பிடிக்கிறது. அடியிலும் விளிம்பிலும் வந்த விரிசலுக்கு இரண்டும் வேண்டும்.

மெல்லிய, முறுக்கேறிய நூல் வேண்டும். கோணி தைக்கும் தடித்த சணல் வேண்டாம், மேடு தட்டும். நூலின் தலைப்பை ஒரு வளையமாக மடித்து மட்டையின் நெடுக்கில் படுக்க வையுங்கள். மறுமுனையால் அந்த வளையத்தின் மேலேயே, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல், இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஒரு அங்குல அகலம் போதும். கடைசியில் சுற்றிய முனையை வளையத்துக்குள் நுழைத்து, ஆரம்பத் தலைப்பை இழுத்தால் வளையம் முனையையும் கவ்விக்கொண்டு சுற்றுக்கு அடியில் போய்விடும். முடிச்சே இருக்காது. மேலே பசையை மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் ஃபைபர் டேப் ஒட்டிவிடுங்கள்.

போட்டியில் ஆடும் மட்டையாக இருந்தால் ஒரு விதியை நினைவில் வையுங்கள். கிரிக்கெட் சட்டப்படி மட்டையைப் பாதுகாக்கவும் பழுது பார்க்கவும் மேலே ஒட்டும் பொருள் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. அடிமுனையில் ஒட்டும் பாதுகாப்புப் பட்டை மட்டும் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். மட்டையின் நீளம் 96.52 சென்டிமீட்டரையும், அகலம் 10.8 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. 1979-ல் பெர்த் நகரில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கி, அது பெரிய தகராறாகி, அதன்பிறகு மட்டையின் அடிக்கும் பகுதி மரமாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதிவிட்டார்கள். ஆகவே தகரம் அடித்துச் சரிசெய்யும் யோசனை செல்லாது.

எண்ணெயும் கொட்டாப்புளியும்

பசை காய்ந்து இரண்டு நாள் கழித்து எண்ணெய். ஆளி விதை எண்ணெய்தான் வேண்டும். பெயின்ட் கடையில் ‘லின்சீட் ஆயில்’ என்று கேளுங்கள். காய்ச்சியது, காய்ச்சாதது என்று இரண்டு ரகம் இருக்கும்; காய்ச்சாததை வாங்குங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் தொட்டு முகம், விளிம்பு, அடி மூன்றிலும் மெல்லியதாகத் தடவி, மட்டையைப் படுக்க வையுங்கள். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு. இரண்டு மூன்று பூச்சு போதும். கைப்பிடி இறங்கியிருக்கும் ஆப்பு மூட்டில் எண்ணெய் படவே கூடாது, பசை விட்டுவிடும். முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மட்டைக்கு, தாள் இல்லாத இடங்களில் தடவினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆளி எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வைக்கோல் போரும் ஓலைக் கொட்டகையும் தேங்காய் மட்டைக் குவியலும் இருக்கும் நம் வீடுகளில் இது விளையாட்டில்லை. துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

தோல் பந்துக்கு ஆடும் புது மட்டையாக இருந்தால், எண்ணெய் ஊறிய பிறகு மரக் கொட்டாப்புளியால் முகத்தையும் விளிம்பையும் பதமாகத் தட்டிப் பழக்க வேண்டும். மெதுவாக ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டி, மொத்தத்தில் சில மணி நேரம். முகத்தின் நார் இறுகி, பந்தின் அடியைத் தாங்கும். டென்னிஸ் பந்துக்கு இவ்வளவு தேவையில்லை.

எங்கே வைப்பது?

மட்டையின் அடி என்பது மரத்தின் வெட்டு முகம். நார்கள் எல்லாம் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. உறிஞ்சு குழல் மாதிரித் தண்ணீரை இழுக்கும். ஈரத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பதும், ஈரத்தோடு சுவரில் சாய்த்து வைப்பதும்தான் முக்கால்வாசி அடி விரிசலுக்குக் காரணம். சைக்கிள் டியூப்பை அடியின் அளவுக்கு வெட்டி ரப்பர் பசையால் ஒட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

மோட்டார் அறை, ஓட்டுக்கு அடியில் உள்ள பரண், அடுப்படி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் எல்லாம் வேண்டாம். கோடையில் அங்கே வெக்கை தாங்காது. வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பது மட்டைக்குச் சுகம்.

பந்தையும் கவனியுங்கள். டென்னிஸ் பந்துக்கு வாங்கிய மெல்லிய மட்டையில் கார்க் பந்தை ஆடினால் எந்த வைத்தியமும் நிற்காது.

திண்ணையில் கேட்கும் கேள்விகள்

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் தடவலாமா?

நம் தோப்பு எண்ணெயாக இருந்தாலும் வேண்டாம். ஆளி எண்ணெய் காற்றுப் பட்டு உலர்ந்து மரத்தோடு இறுகும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் உலராது. மட்டை ஊறிக் கனத்து, பந்து பட்டால் ‘தொப்’ என்று விழும்.

ஆணி அடித்தால் கெட்டியாக நிற்காதா?

ஆணி நாரைப் பிளந்துகொண்டுதான் இறங்கும். ஒரு விரிசல் இரண்டாகும். ஒரு நாள் அந்த ஆணி பறந்து யார் கண்ணிலாவது விழும். ஆணி அடித்த மட்டையை நான் கையில் வாங்குவதே இல்லை.

முகத்தில் மயிரிழை போலக் கோடுகள் வந்திருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

ஆடிய மட்டைக்கு அது இயல்பு. விரல் நகம் சிக்காத அளவு கோடாக இருந்தால் விட்டுவிடலாம். நகம் சிக்கினால் பசை, நாள்பட்டால் டேப்.

எப்போது கைவிட வேண்டும்?

விரிசல் நெடுக்காக ஓடினால் பிழைக்கும். குறுக்காக ஓடி, முகத்திலிருந்து முதுகு வரை தெரிந்தால் பிழைக்காது. பிரம்புக் கைப்பிடி முறிந்தால் புதுப் பிடி போடலாம், ஆனால் அது மட்டைப் பட்டறை வேலை; மலிவான மட்டைக்குக் கட்டாது. ஒட்டிய மட்டைக்குப் பழைய துள்ளல் முழுசாக வராது என்பதையும் பையன்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கு அது தாராளம்.

புதிதாக வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முகத்தில் ரேகைகள் மேலிருந்து கீழ் வரை நேராக ஓட வேண்டும். அடியில் முடிச்சு இருக்கக் கூடாது. முகம் முழுக்கப் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பையன் மேல்கை ஒன்றால் மட்டும் மட்டையை முன்னே நீட்டிக் கொஞ்ச நேரம் பிடிக்கட்டும். கை நடுங்கினால் ஒரு அளவு சின்னதாக வாங்குங்கள். ‘வளர்ந்தாலும் ஆகும்’ என்று சட்டை மாதிரிப் பெரிதாக எடுக்காதீர்கள்.

வில்லோ மரத்தை நம் தோட்டத்தில் வளர்க்கலாமா?

இதைப் பெரியவர்கள்தான் கேட்கிறார்கள். மட்டை வில்லோவுக்குக் குளிர் வேண்டும், குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்க வேண்டும், வேருக்கு எப்போதும் ஈரம் வேண்டும். நம் சமவெளிக்கு அது வராது. அந்த இனத்தின் உறவு மரமான ஆற்றுப்பாலை நம் மலையோர ஆறுகளில் உண்டு. ஆனால் அது மட்டைக்கான மரமல்ல. யாராவது ‘கிரிக்கெட் மட்டை மரக்கன்று’ என்று விற்க வந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையனோ பெண்ணோ உடைந்த மட்டையோடு வீட்டுக்கு வந்தால், திட்டுவதற்கு முன் மட்டையை வாங்கிப் பாருங்கள். தட்டிக் கேளுங்கள், டார்ச் அடியுங்கள். மரம் பொய் சொல்லாது. பிள்ளைகளும் பல நேரம் பொய் சொல்வதில்லை. பிறகு அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்துப் பசை போடுங்கள், நூலை அவர்களையே சுற்றச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ச் சின்னவன் இப்போது பத்தாவது படிக்கிறான். அந்த மட்டை இரண்டு பொங்கல் பந்தயம் ஆடிவிட்டது. போன மாதம் அவன் அம்மாவின் களத்து அரிவாளுக்குப் பிடி கழன்றபோது என்னிடம் வரவில்லை. நூல் மட்டும் வாங்கிக்கொண்டு போய், முடிச்சே தெரியாமல் தானே கட்டியிருந்தான். நான் கட்டுவதை விட நன்றாகவே இருந்தது.

இந்தப் பொங்கலுக்கும் ஊருக்கு ஊர் பந்தயம் இருக்கும். மார்கழிப் பனி இறங்குவதற்கு முன் மட்டைகளை வெளியே எடுங்கள். அடியில் நகம் வைத்துப் பாருங்கள்.